சட்டம் பேசும் உரிமை

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கினால் வன்னியின் விளையாட்டுக் கழகங்கள் மைதானத்தைத் துப்புரவாக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒலிபெருக்கி கட்டத் தொடங்கிவிடும். முட்டி உடைத்தல், தலையணைச் சமர், கயிறு இழுத்தல், வழுக்குமரம் ஏறுதல், யானைக்குக் கண் வைத்தல் என்று நிகழ்ச்சி நிரல் நீளும். அந்த நிரலில் கிளித்தட்டும் இடம்பிடித்து வருகிறது. நிலா வெளிச்சத்தில், ஒழுங்கை மணலில், ஒருவரும் அழைக்காமல் கூடிய பிள்ளைகள் ஆடிய ஆட்டம் இன்று நடுவர், வெற்றிக் கிண்ணம், பிரதம விருந்தினர் சகிதம் ஆடப்படுகிறது.

இந்த வழக்கத்தை மனமார வரவேற்பவர்கள் பலர். பிள்ளைகளின் கையை விட்டுத் தொலைபேசி இறங்குவதே இல்லை, ஆண்டுக்கு ஒரு நாளாவது அவர்கள் மண்ணில் ஓடட்டும் என்பது அவர்களது நியாயம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒரு வழக்கத்தை விரும்புகிறவர்களே அதன் குறையையும் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கிளித்தட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நாம் எதைக் காப்பாற்றுகிறோம், எதைக் கைவிடுகிறோம்? ஆட்டத்தின் கோட்டையும் பெயரையும் காப்பாற்றுகிறோம் என்பதும், கோடு கீறும் முன் பிள்ளைகள் தமக்குள் சட்டம் பேசி முடிவெடுத்த உரிமையைக் கைவிடுகிறோம் என்பதும் என் துணிபு. எந்த ஊருக்கும் இது இழப்புத்தான். வன்னிக்கோ இது பேரிழப்பு.

பல ஊர்களின் பிள்ளைகள்

வன்னியின் குடிசனம் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், பனங்காமம் போன்ற பழைய ஊர்கள் ஒரு புறம். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டியவர்களின் கிளிநொச்சி இன்னொரு புறம். யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்திலிருந்துதான் அந்த நகரம் வளர்ந்தது. 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் எனப் புதிய ஊர்களை எழுப்பின. வவுனியாப் பக்கத்தில் அவர்களுக்குக் காணியும் கிணறும் கிடைக்க 1970களின் பிற்பகுதியில் காந்தியம் அமைப்பு உழைத்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமாகப் பெயர்ந்தபோது தென்மராட்சியைக் கடந்து வன்னிக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஆயிரமாயிரம். 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் மூன்று இலட்சத்துக்குச் சற்றே குறைந்த மக்கள் அடைபட்டிருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறி அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

ஒவ்வொரு பெயர்விலும் பெரியவர்கள் உறுதிப் பத்திரத்தையும் சமையற் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் தங்கள் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சுமை கிடையாது, சோதனைச் சாவடியிலும் அதை யாரும் பறிப்பதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் அது ஒன்றாக இருப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளைகள் கொக்கான் வெட்டுவதைத் தமிழ்நாட்டில் அஞ்சாங்கல் என்பார்கள். இங்கே கெந்தித் தொட்டு, அங்கே நொண்டி. இங்கே போளை, அங்கே கோலி. கிளித்தட்டை யாழ்ப்பாணத்தில் தாச்சி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அது உப்புக்கோடு, கேரளத்தில் கிளியந்தட்டு. பெயர் மாறுவதால் ஒரு சிக்கலும் இல்லை, ஒரு நாளில் பழகிவிடும். சட்டம் மாறும்போதுதான் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் உண்மையாகச் சந்திக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம்

கிளித்தட்டின் அடிப்படை எளிது. நீள்சதுரம் ஒன்று கீறி, நடுவே நெடுக ஒரு கோடும் குறுக்கே ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல கோடுகளும் போட வேண்டும். மறிக்கும் அணியில் குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் நிற்பார். முதற்கோட்டில் நிற்பவர் கிளி. மற்றவர்கள் தத்தம் கோட்டை விட்டு அசைய முடியாதிருக்க, கிளி மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடி மறிக்கலாம். கிளி கை தட்டியதும் ஆட்டம் தொடங்கும். எதிரணியினர் மறிப்பவரின் கையில் படாமல் ஒவ்வொரு தட்டாகக் கடந்து, கடைசிக் கோட்டுக்கு அப்பால் போய், மறுபடி அதே வழியால் ஏறி வரவேண்டும். போகிறவர் காய், கடந்து திரும்புகிறவர் பழம். ஒரு பழம் வெளியே வந்துவிட்டால் அந்த அணிக்கு வெற்றி.

இவ்வளவும் பொதுவானவை. மற்ற எல்லாமே பேசித் தீர்க்க வேண்டியவை. காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் நிற்கலாமா? சட்டையில் பட்டால் தொட்டதாகக் கணக்கா, உடம்பில்தான் பட வேண்டுமா? மறிப்பவரின் கால் கோட்டை விட்டு விலகியிருந்ததா என்பதை யார் சொல்வது? ஒருவர் தொடப்பட்டால் அவர் மட்டும் வெளியேறுவதா, முழு அணியும் இறங்கி மறிக்கப் போவதா? அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆறு வயதுத் தம்பியையும் சேர்ப்பதென்றால், அவனைத் தொட்டால் கணக்கா? இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு விடை வைத்திருந்தது. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே மணலில் இறங்கும்போது இரண்டு விடைகளும் மோதும்.

அந்த மோதலைத் தீர்க்க அங்கே ஒரு பெரியவரும் இல்லை. கத்துவார்கள், கோபம் போடுவார்கள், ஒருவர் வீட்டுக்குப் போவதாக வெருட்டுவார். பிறகு ஒரு குரல் எழும்: "முதல் ஆட்டம் உங்கட சட்டம், அடுத்தது எங்கட சட்டம்." அல்லது இரண்டிலும் பாதியை எடுத்து ஒரு புதுச் சட்டம் பிறக்கும். ஆளைப் பிரிக்கும்போது கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேராதபடி பார்த்துக்கொள்வதும் அவர்களது வேலைதான், இல்லாவிட்டால் ஆட்டம் சுவைக்காது. அளாப்புகிறவரை அடக்கும் வழியும் அவர்களிடமே இருந்தது. அளாப்பி என்று பெயர் எடுத்தவரை மறுநாள் ஆட்டத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நடுவரின் ஊதுகுழலை விட அந்தப் பயம் பெரிது.

தாம் ஒப்புக்கொண்ட சட்டத்துக்குத் தாமே கட்டுப்படுவது, தோற்கும் நேரத்திலும் அதை மாற்றாதிருப்பது, மாற்ற வேண்டுமென்றால் மற்றவரைக் கேட்டு மாற்றுவது: பெரியவர்களின் சபைகள் இன்றுவரை திணறும் இந்த மூன்றையும் பிள்ளைகள் மணலில் பழகினார்கள். ஒரே வகுப்பில் முள்ளியவளைப் பிள்ளையும் வலிகாமத்துப் பிள்ளையும் மலையக வழிவந்த பிள்ளையும் அமர்ந்திருந்த வன்னியில், மற்றவரின் வழக்கமும் ஒரு வழக்கம்தான் என்ற அறிவை இந்தப் பேச்சு தந்தது. அந்த அறிவுக்குப் பாடப்புத்தகம் கிடையாது.

அந்தப் பழைய முற்றத்தை வானளாவப் புகழவும் நான் தயாரில்லை. பந்து யாருடையதோ, முற்றம் யாருடையதோ அவரது சட்டமே சில வேளைகளில் வென்றது. வயதில் மூத்தவர் இளையவரை வெருட்டினார். எவர் முற்றத்துக்குள் இறங்கலாம், எவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் இருந்தன. மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் பேச்சு வழக்குக்காகவே கேலிக்கு ஆளானார்கள். பேசித் தீர்ப்பது என்பது, பேசும் இடத்தில் எல்லாருக்கும் வாய் இருந்தால்தான் நீதி. இந்தக் குறையை மறந்துவிட்டு விழாவைக் குறை சொல்வது நேர்மையாகாது.

விழா தந்தவை

ஆகவே முதலில் விழாவின் நிறைகள். எழுதி அறிவித்த சட்டத்துக்கு முன் பந்துக்காரர் பிள்ளையும் பந்தில்லாத பிள்ளையும் சமம். யாருடைய முற்றமும் அல்லாத பொது மைதானத்தில் ஆட்டம் நடப்பதால் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவர் என்று எவருமில்லை. கழகத்தின் சட்டையைப் போட்டவர் எல்லாரும் கழகத்தவரே.

இரண்டாவது, மைதானம் என்ற ஒன்று மீண்டும் உருவானது. போருக்குப் பின் மீளக் குடியமர்ந்தவர்கள் முதலில் கண்டது மண்டையோட்டுப் படம் போட்ட கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளை. எந்த நிலத்தில் கால் வைக்கலாம் என்பதே கேள்வியாக இருந்த நாட்களில், "இது பாதுகாப்பான நிலம், வாருங்கள்" என்று பிள்ளைகளைக் கூட்டி வந்ததில் கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிதறிப் போய்த் திரும்பிய ஊருக்கு, தான் மீண்டும் ஓர் ஊர் என்ற எண்ணத்தைக் கோவில் திருவிழாவுக்கு அடுத்தபடியாகத் தந்தவை கழக விழாக்களே.

மூன்றாவது, ஒரு சட்டத்துக்குள் வந்த ஆட்டம் ஊரைத் தாண்டிப் போகும். கபடியைப் பாருங்கள். சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று விதமாக இந்தியாவில் ஆடப்பட்ட அது, 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல ஒரு சட்டத்துக்குள் வந்தது. 1950இல் அகில இந்தியச் சம்மேளனம், 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி, 2014இல் புரோ கபடி என்று அதன் பாதை விரிந்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமாவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றதும் மறுஆண்டு அர்ஜுனா விருது பெற்றதும் அந்தப் பாதையால்தான். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் கார்த்திகா, சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை மீளக் குடியமர்த்திய கண்ணகி நகரின் பெண். இடம்பெயர்க்கப்பட்டவர்களின் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போகலாம் என்பது வன்னிப் பெற்றோருக்கு வெறும் செய்தியல்ல. ஒரே சட்டமும் முறையான போட்டியும் இல்லாமல் அது நடந்திராது.

நான்காவது, கழகங்கள் நினைத்தால் உள்ளூர் வழக்கத்தையும் சுமக்கலாம் என்பதற்கு நம் கரப்பந்தாட்டமே சாட்சி. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட இந்த ஆட்டம் வடக்கில் இரண்டு முகத்தோடு வாழ்கிறது. உலகச் சட்டப்படி ஆடுவது செற்றப். நம்மவர் பழக்கத்தில் ஊறி வந்தது ஓவர் கேம். சுற்றுப்போட்டி அறிவிக்கும்போதே எது ஓவர், எது செற்றப் என்று சொல்லி அழைப்பார்கள். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் அங்கேயும் ஓவர் கேமுக்குத் தனிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். பல சட்டங்களை ஒரே மைதானத்தில் வைத்திருப்பது இயலாத காரியமல்ல.

விழா எடுத்துக்கொண்டவை

குறைகளில் முதலாவது, யாருடைய சட்டம் என்பது. விழாவில் எந்தக் கிளித்தட்டு ஆடப்படுகிறது? ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர் தன் சிறுவயதில் ஆடிய கிளித்தட்டு. அது நல்ல சட்டமாகவே இருக்கலாம். ஆனால் மற்ற ஊர்களின் வழக்கம் அன்றோடு பிழை ஆகிவிடுகிறது. "எங்கட பக்கத்தில் இப்படித்தான்" என்று சொல்ல வாயெடுக்கும் பிள்ளைக்கு "சட்டம் தெரியாமல் ஏன் வந்தாய்?" என்று பதில் கிடைக்கிறது. பாரம்பரியம் என்ற பெயரில் ஒரு பாரம்பரியம் மற்றவற்றை அழிக்கிறது.

இரண்டாவது, ஆடுகிறவர் தொகை சுருங்குவது. முற்றத்தில் இருபது பிள்ளைகள் வந்தால் இருபது பேருக்கும் கோடு கீறினார்கள். விழாவில் அணிக்குக் குறித்த சிலர். அந்தச் சிலரும் ஓடக்கூடிய இளைஞர்கள். மெதுவாக ஓடும் பிள்ளை, குண்டான பிள்ளை, கால் இழந்த பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை எல்லாரும் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். சின்னவனுக்காகச் சட்டத்தை இளக்கிய முற்றத்தின் கருணை, சமத்துவம் பேசும் மைதானத்தில் இல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது எல்லாருக்கும் இடம் என்று ஆகாது.

மூன்றாவது, நாள். ஆண்டுக்கு ஒரு முறை ஆடுவது வழக்கமாகாது, அது காட்சி. அந்தக் காட்சியிலும் பாதி நேரம் உரைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் போகிறது. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். மறுநாள் மைதானத்தில் மென்பந்துக் கிரிக்கெட்தான் நடக்கிறது. கிளித்தட்டு அடுத்த பொங்கல் வரை காத்திருக்கிறது.

சட்டப் புத்தகமும் சம்மேளனமும் மட்டும் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றிவிடா என்பதற்கும் சான்று உண்டு. கிளித்தட்டின் உறவான ஆட்யா பாட்யாவுக்கு மகாராட்டிரத்தில் எழுதிய சட்டமும் தேசியச் சம்மேளனமும் அணிக்கு ஒன்பது பேர் என்ற ஒழுங்கும் உண்டு. ஆயினும் கபடி போன உயரத்தின் அருகில்கூட அது போகவில்லை. கபடி வளர்ந்ததற்குச் சட்டத்தோடு சேர்த்து, ஊர்தோறும் அன்றாடம் மாலையில் அதை ஆடிய இளைஞர் கூட்டமும் காரணம். அன்றாடம் ஆடுகிறவர் இல்லாத ஆட்டத்துக்குக் கிண்ணம் எவ்வளவு பெரிதாயிருந்தும் பயனில்லை.

பக்கம் பிடித்தல்

விழாவைச் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் எடைபோட வேண்டும். ஆடுகிறவர் சிலராகவும் பார்க்கிறவர் பலராகவும் ஆன பிறகு, பெரும்பாலோருக்கு விளையாட்டு என்பது ஒரு பக்கத்தைப் பிடிப்பதாகிவிட்டது. இதிலும் நன்மை உண்டு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதும் வடக்கின் பெரும்போருக்கு நூற்றாண்டுப் பழமையும் பரம்பரைப் பற்றும் உண்டு. வன்னியின் பல ஊர்களுக்கு ஊராக வயதே அறுபது எழுபதுதான். இங்கே கழகப் பற்று தாத்தாவிடமிருந்து வருவதில்லை, பலவிடங்களிலிருந்து வந்து ஒரே குளத்து நீரைப் பங்கிட்டவர்கள் தாமே ஆக்கிக்கொள்வது. எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விக்குப் பதிலாக எந்தக் கழகம் என்ற கேள்வி வந்தது நல்ல மாற்றம். உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் தன் கழகத்துக்காகத் தொண்டை கட்டக் கத்தும் இளைஞனின் அருகே நிற்பவர் அவனது சாதியையோ பூர்வீகத்தையோ கேட்பதில்லை.

அதே பற்று, தோல்வியில் மைதானத்துக்குள் பாய்வதும் நடுவரைச் சூழ்வதும் இரண்டு ஊர்களுக்கிடையே மாதக்கணக்கில் முகம் பாராதிருப்பதுமாக முடிவதையும் கண்டிருக்கிறோம். முற்றத்தில் இன்று எதிரணி, நாளை ஆளைப் பிரிக்கும்போது அதே பிள்ளை நம் அணி. கழகத்தில் எதிரணி என்றும் எதிரணிதான். சட்டம் பேசிப் பழகியவருக்கு எதிரில் நிற்பவர் உடன்படிக்கைக்காரர். பார்த்து மட்டும் பழகியவருக்கு அவர் பகைவர்.

கிரிக்கெட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மெனிக் பாமில் அப்போதும் மக்கள் இருந்தார்கள். இலங்கை அணியில் கண்டியைச் சேர்ந்த தமிழரான முத்தையா முரளிதரன், 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த மனிதர், தன் கடைசிச் சர்வதேச ஆட்டத்தை ஆடினார். இந்தியா வென்றது. அந்த இரவில் வன்னித் தமிழர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஊருக்கு வெளியே இருந்து பலர் தீர்ப்புச் சொன்னார்கள். இந்தியாவுக்குக் கை தட்டினால் நாட்டுப்பற்று இல்லை, இலங்கைக்குக் கை தட்டினால் இனப்பற்று இல்லை. முரளியின் சுழலை மட்டும் ரசிக்க விரும்பியவருக்கு நிற்க இடமே இல்லை. 2013இல் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் சென்னையில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட முடியாமல் போனது. சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் தம் அணியின் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. அதே சென்னை அணிக்குத்தான் 2008 முதல் 2010 வரை முரளி பந்து வீசினார்.

ஓர் அணியை விரும்புவது ஒருவரது உரிமை, அதைக் கொண்டு அவரது நெஞ்சைச் சோதிப்பது அத்துமீறல். இந்த விடயத்தில் நம் பிள்ளைகள் பெரியவர்களை விடத் தெளிவாக இருக்கிறார்கள். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்றபோது, அதில் ஆடிய சிங்கள வீரர்களுக்கும் பாகிஸ்தான் வீரர்களுக்கும் வன்னிப் பிள்ளைகள் மனம் நிறையக் கை தட்டினார்கள். யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லில் பந்து வீசியபோது அந்த அணிக்கும் கை தட்டினார்கள். இரண்டு மூன்று பற்றுகளை ஒரே நெஞ்சில் வைத்திருக்கலாம் என்பது அவர்களுக்கு இயல்பாகத் தெரிகிறது. இரண்டு ஊர்ச் சட்டத்தை ஒரே மாலையில் ஆடிய மரபின் வழியில் வந்தவர்களுக்கு அது தெரியாமல் போனால்தான் வியப்பு.

பழகி வந்த நேசமும் பார்த்து வந்த நேசமும்

காதலை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைக்க முடியாது. விளையாட்டு மைதானமும் கோவில் திருவிழாவும் நம் ஊர்களில் காதலின் முதல் வாசல்கள். வற்றாப்பளைப் பொங்கலில் சனத்துக்குள் ஒரு முகத்தைத் தேடியவர்களும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் எதிர் இல்லத்தின் நிறச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

கிளித்தட்டு ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய ஆட்டங்களில் ஒன்று. மச்சானும் மச்சாளும் அயல் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கோட்டுக்குள் ஓடினார்கள். தொடுகையை இவ்வளவு கணக்குப் பார்க்கும் சமூகத்தில், தொடுவதே சட்டமான ஓர் ஆட்டம் இருந்தது. அங்கே தொட்டதற்கு ஆட்டம் கைமாறுவதைத் தவிர வேறு பொருள் இல்லை. அந்த ஓட்டத்தில் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். யார் தோற்றால் முகம் சுளிப்பார், யார் தொட்டது உண்மை என்று தானே ஒப்புக்கொள்வார், யார் சின்னப் பிள்ளைக்காக ஒரு நொடி தாமதிப்பார், யார் அளாப்புவார் என்பதெல்லாம் அங்கே ஒளிக்க முடியாதவை. பின்னாளில் அது நேசமாக மலர்ந்தால், அந்த நேசம் குணத்தை அறிந்து வந்தது.

இன்று மைதானத்தில் பெடியன்கள் ஆடுகிறார்கள், பெட்டையள் ஓரத்தில் நிற்கிறார்கள். கோல் அடித்தவனின் பெயரும் சட்டை இலக்கமும் அவளுக்குத் தெரியும். அவன் வெல்லும் கணத்தை அவள் பார்க்கிறாள். அவனோ அவளை ஆட்டத்தில் ஒருபோதும் பார்த்ததில்லை, கை தட்டும் முகமாக மட்டும் அறிவான். இரண்டு பேரும் ஒருவர் மற்றவரின் ரசிகராகவே காதலிக்கத் தொடங்குகிறார்கள். ரசிகரின் அன்பில் உண்மை உண்டு, தூரமும் உண்டு. கலியாணம் என்பது அன்றாடம் சட்டம் பேசித் தீர்க்கும் வாழ்க்கை: யார் சமைப்பது, காசை எப்படிச் செலவழிப்பது, பிழை யாருடையது. பேசித் தீர்த்துப் பழகாத இருவர் அங்கே திணறுவதில் வியப்பில்லை.

பழைய முற்றத்துக்கும் இதில் பெருமை குறைவுதான். பெண் பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் சாமத்திய வீட்டோடு அவளது கிளித்தட்டு முடிந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில், ஓட்டத்தின் உச்சத்தில், அவள் கோட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டாள். நம் மண்ணின் பெண்களின் கால்களில் எவ்வளவு ஓட்டம் வீணாகப் போயிருக்கும் என்பதற்கு முள்ளியவளையின் அகிலத்திருநாயகி ஒரு சான்று. எழுபது வயதைத் தாண்டிய பின் 2023இல் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் தடகளத்தில் 1500 மீற்றரிலும் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றார். அவர் வயதொத்த எத்தனை பெண்களை நாம் பன்னிரண்டு வயதிலேயே நிறுத்திவிட்டோம் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. இந்த ஒரு விடயத்தில் கழக விழா முற்றத்தை விட முன்னே போக முடியும். பெண்கள் அணி இறங்கும் விழாக்கள் அதற்கு வழி திறந்திருக்கின்றன. அந்த வழியை அகலப்படுத்த வேண்டும்.

என்ன செய்யலாம்

விழாவை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல. அதன் வலிமை பொது நிலமும் கூட்டமும் கழகமும். முற்றத்தின் வலிமை பேச்சும் கருணையும் அன்றாடமும். இரண்டையும் சேர்க்க முடியும்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான கிளித்தட்டில் சட்டத்தை ஏற்பாட்டுக் குழு எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் அரை மணித்தியாலம் இரண்டு அணிகளும் இருந்து பேசட்டும். ஒத்துவராவிட்டால் முதற்பாதி ஒரு சட்டம், மறுபாதி மற்றச் சட்டம். நடுவரின் வேலை அவர்கள் ஒப்புக்கொண்டதை நினைவூட்டுவது மட்டுமாக இருக்கட்டும். கூச்சமுள்ள பிள்ளையும் புதிதாக வந்த பிள்ளையும் பேசுவதற்கு முறை கிடைக்கிறதா என்பதையும் அவர் பார்த்துக்கொண்டால், பழைய முற்றத்தின் பெரிய குறை தீரும்.

அணிகளை ஊர்வாரியாகப் பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். தருமபுரத்துப் பிள்ளையும் உருத்திரபுரத்துப் பிள்ளையும் ஒரே அணியில் நிற்கட்டும். ஆணும் பெண்ணும் கலந்து நிற்கட்டும். அந்த வயதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. தயக்கம் பெற்றோருடையது, பிள்ளைகளுடையதல்ல. வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆடும்வரை ஒரு கோடு கூடுதலாகக் கீறலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்ப் பாடத்திலோ சமூகப் பாடத்திலோ ஒரு தவணை, ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு ஓர் ஆட்டத்தின் சட்டத்தை எழுதி வரச் செய்யலாம். ஒரே வகுப்பில் கிளித்தட்டுக்குப் பல சட்டங்கள் சேரும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க வேண்டும். எங்கிருந்து, ஏன், எந்த ஆண்டில் பெயர்ந்து வந்தோம் என்ற குடும்பக் கதையும் அந்தப் பக்கங்களில் தானாக வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாட மாலை வேண்டும். தனியார் வகுப்புகள் பிள்ளைகளின் மாலையை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருக்கும் வரை எந்த விழாவும் எந்த விளையாட்டையும் காப்பாற்றாது. கிழமையில் இரண்டு மாலையாவது வகுப்பில்லாத மாலையாகப் பெற்றோர் சேர்ந்து முடிவெடுத்தால், அது ஆயிரம் கிண்ணங்களுக்குச் சமம்.

வன்னி மக்கள் நீண்ட காலம் பிறர் கீறிய கோடுகளுக்குள் வாழ்ந்தவர்கள். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, எப்போது வெளியேறலாம், எப்போது திரும்பலாம் என்பதை எல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு, சின்னதாக ஒரு மணற்பரப்பிலாவது, தம் சட்டத்தைத் தாமே பேசி ஆக்கும் பயிற்சி கிடைக்க வேண்டும். நாளைக்கு அவர்கள் பிரதேச சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் அமரப்போகிறவர்கள். வேறு ஊரவரோடும் வேறு இனத்தவரோடும் பேசித் தீர்க்க வேண்டியவை அவர்களுக்கு நிறைய இருக்கின்றன. பெரியவர்கள் நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கட்டும், வெளிச்சம் போட்டுக் கொடுக்கட்டும், விழுந்தவருக்கு மருந்து கட்டட்டும். கோட்டைப் பிள்ளைகள் கீறிக்கொள்வார்கள்.